நரியில் படம், நீலத்தில் சத்தம்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு வாழ்த்துச் செய்தி கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் அதைத்தான் கேட்பார்கள். "மென்மேலும் வளர்க" என்று நாலு வரி எழுதி, கழுத்துப்பட்டி கட்டிய பழைய படம் ஒன்றையும் கொடுத்தால் மலர்க் குழுவுக்குப் பரம திருப்தி. நான் கொடுப்பதாகத்தான் இருந்தேன். இடையில் கௌசலா தொலைபேசி எடுத்துக் கெடுத்துவிட்டார்.

கௌசலா இப்போது என்னுடைய கதிரையில் இருக்கிறார். கரவெட்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் கணினிப் பொறுப்பாளர். கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் எதையாவது கழற்றி எறியாவிட்டால் அவருக்கு நித்திரை வராது.

"ஐயா, எல்லாக் கொம்பியூட்டரிலையும் இரண்டு பிரவுசர் கிடக்கு. புதுக் கணக்கு மென்பொருள் நீலக் குரோமியத்திலைதான் வடிவா ஓடுது. பயர்பொக்ஸ் நரியைக் கழட்டி விடட்டோ?"

"கழட்டாதையுங்கோ."

"ஏன் ஐயா?"

"கழட்டாதையுங்கோ எண்டால் கழட்டாதையுங்கோ."

"சரி ஐயா. அதை விடுங்கோ. உந்த நரியின்ரை படம் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு? மற்ற இடங்களிலை வாலும் முதுகும்தான் தெரியும். இஞ்சை ஒரு நரி நேரை பாத்து முழிச்சுக்கொண்டிருக்கு. விடியக் காலமை பாக்கப் பயமாக் கிடக்கு."

அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது. ஆகவே வாழ்த்துச் செய்தி இல்லை. மலர்க் குழு மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஓய்வூதியத்தில் கை வைக்க அவர்களால் முடியாது.

நான் சங்கத்தில் சேர்ந்தது தமிழ்த் தட்டச்சாளனாக. பிறகு ஒரு நாள் கணினி வந்தது. தட்டச்சு தெரிந்தவனுக்குக் கணினியும் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரோ முடிவுசெய்து என்னைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பெரும்பாலும் எப்படிப் போடுவது, எப்படி நிற்பாட்டுவது என்றுதான் சொல்லித் தந்தார்கள். மிச்சத்தை வைரஸ்கள் சொல்லித் தந்தன. ஊரில் உள்ள பென்டிரைவ் எல்லாம் எங்கள் கணினியில்தான் வந்து குத்துப்படும். ஊரில் உள்ள வைரஸ் எல்லாம் எங்களிடம்தான் குடித்தனம் நடத்தின. ஒரு முறை பங்குதாரர் பெயர்ப் பட்டியல் முழுவதும் சதுரம் சதுரமாக மாறி, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்றே தெரியாமல் முழுக் கிராமத்தையும் அழைத்தோம். அன்றைக்கு வடை காணாமல் போனது தனிக் கதை.

அதற்குப் பிறகுதான் லினக்ஸ் போட்டேன். காசு கேளாது, காய்ச்சல் வராது, பழைய இயந்திரத்திலும் முனகாமல் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் நம்முடைய இஷ்டத்துக்கு மாற்றலாம். இந்தக் கடைசிக் குணத்தால் என்னவெல்லாம் வந்து சேர்ந்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எங்கள் பொது முகாமையாளர் சிவபாதம் ஐயா. மெல்லிய மனிதர், மெல்லிய குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். ஒன்றும் கேளாத அளவுக்கு இறங்கினால் நாங்கள் ஓடி ஒளிக்க வேண்டும் என்று அர்த்தம். சாதாரண நேரத்தில் நான் "மிஸ்டர் தேவராசா". பிழை விட்டால் "ஐசே". எந்தக் கடிதமானாலும் கடைசி முற்றுப்புள்ளி வரை வாசித்துத்தான் கையெழுத்து வைப்பார்.

அவரிடம்தான் நான் இரண்டு உலாவிக்கு அனுமதி கேட்டேன். லினக்ஸ்காரனுக்கு ஒன்று போதாது. ஒரு இணையப் பக்கம் ஒன்றில் திறக்கும், மற்றதில் முகத்தைத் திருப்பும். அந்தக் காலத்தில் தூய தமிழில் எழுத வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்ததால், "கணினிப் பிரிவில் இரண்டு உலாவிகளை வைத்திருக்க அனுமதி கோரல்" என்று தலைப்பிட்டு அனுப்பினேன். கடிதம் திரும்பி வந்தபோது ஓரத்தில் அவருடைய வடிவான கையெழுத்து இருந்தது: "சங்கத்தில் உலாவித் திரிபவர்கள் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக உள்ளனர். மேலதிகமாக இருவரைச் சேர்க்க இயலாது."

நேரில் போய் விளங்கப்படுத்தினேன்.

"அது ஆள் இல்லை ஐயா. இன்ரநெற்றுக்குப் போற வாசல்."

"ஒரு வீட்டுக்கு ஏன் மிஸ்டர் தேவராசா இரண்டு வாசல்?"

"முன்வாசல், பின்வாசல் எண்டு இருக்கிறதுதானே ஐயா?"

"பின்வாசலாலை வாறவை ஆர் எண்டு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒண்டு காணும். எது நல்லது?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த லினக்ஸ்காரனும் ஒரு வசனத்தில் பதில் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. பயர்பொக்ஸ் தன்பாட்டில் கிடக்கும், எங்கள் இயந்திரங்களில் தமிழையும் ஒழுங்காகக் காட்டியது என்றேன். குரோமியம் வேகம், ஆனால் கலியாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம்போல வீட்டிலுள்ள நினைவகம் முழுவதையும் தின்றுவிட்டுத்தான் எழும்பும் என்றேன். பாதுகாப்பு, சுதந்திரம் என்று தொடங்கியபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். திரையில் இருந்த சின்னங்களைப் பார்த்தார். ஒன்று நீல வட்டம். மற்றது செம்மஞ்சள்.

"உது என்ன மிருகம்?"

"நரி ஐயா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐயா முழிவியளம், சகுனம் எல்லாம் பார்க்கிறவர். வெளிக்கிடும்போது முதலில் எதிர்ப்படுகிற முகம் நல்ல முகமாக இருக்க வேண்டும். ஒற்றைத் தும்மல் கேட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். எங்கள் கிட்டங்கியில் மூட்டைகளுக்குப் பொறுப்பான இராசரத்தினம் அண்ணையின் முகத்தில் முழித்த ஒரு நாளில் மண்ணெண்ணெய் வண்டி குடைசாய்ந்ததாம். அன்று தொடக்கம், ஐயா படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் இராசரத்தினம் அண்ணை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நிற்பார். அதை அவர் அவமானமாக எடுக்கவில்லை. "காலமை கொஞ்சம் ஆறலாம் தம்பி," என்பார்.

நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பது ஊர் அறிந்த கதை. ஆனால் சங்கத்து வாசலில் தினமும் நரிக்கு எங்கே போவது?

"நரியையே வையும்," என்றார் ஐயா. குரலில் ஒரு பரவசம்.

அடுத்த நாள் காலை நிலத்தைப் பார்த்தபடியே நடந்து நேரே கணினி அறைக்கு வந்தார். "திறவும்." திறந்தேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"ஐசே. உது முகம் இல்லை. பிடரி."

உண்மைதான். அந்த நரி உலக உருண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைத்தான் காட்டுகிறது. நரி முதுகில் முழித்தால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. "உதைத் திருப்ப ஏலாதோ?" என்றார். இடம்வலமாகத் திருப்பினேன். அப்போதும் பிடரிதான், மற்றப் பக்கத்துப் பிடரி. கடைசியில் ஒரு நிசமான நரியின் முகத்தைத் தேடியெடுத்து, வெட்டி, சின்னத்தின் இடத்தில் ஒட்டினேன். லினக்ஸில் அது பெரிய வேலை இல்லை. நரி எங்களை நேராகப் பார்த்தது. ஐயா நரியைப் பார்த்தார். இருவருக்கும் பிடித்துக்கொண்டது.

பயர்பொக்ஸ் என்கிற மிருகம் நரியே அல்ல, ஒரு வகைச் சிவப்புப் பாண்டா என்று பிறகு எங்கேயோ வாசித்தேன். வாயைத் திறக்கவில்லை. சங்கம் அந்த வருடம் இலாபம் காட்டியிருந்தது.

நீலத்தையும் நான் கழற்றவில்லை. மெனுவின் அடியில், ஐயாவின் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒதுக்கி வைத்தேன். அது கீழ்ப்படியாமை என்று யாராவது சொன்னால், பின்வாசல் இல்லாத வீட்டில் நெருப்புப் பிடித்தால் எதால் ஓடுவீர்கள் என்று கேட்பேன்.

பிறகு ஐயாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது.

ஒரே பிள்ளை, துளசி. லண்டனில் படித்து அங்கேயே வேலை. மாப்பிள்ளையும் அங்கே. ஐயாவும் அவருடைய மனைவி ரீச்சரும் விசாவுக்குப் போட்டார்கள், மறுத்துவிட்டார்கள். திரும்பவும் போட்டார்கள், திரும்பவும் மறுத்தார்கள். நாளை மாற்றலாம் என்று துளசி அழுதாளாம். மாப்பிள்ளை பகுதி மண்டபத்துக்குக் காசு கட்டி, அழைப்பிதழும் அடித்துவிட்டது. "குறிச்ச நாள் மாறக் கூடாது பிள்ளை," என்று ஐயாதான் சொல்லியிருக்கிறார். முழிவியளம் பார்க்கிறவர் வேறு என்ன சொல்வார்? தாரை வார்த்துக் கொடுக்க லண்டனில் இருக்கிற மாமா முறையான ஒருவரை ஒழுங்குசெய்தார்கள். கலியாணத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டுவதற்கு மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் பொறுப்பெடுத்தான்.

ஐயாவின் வீட்டில் கைபேசிச் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறினால்தான் வரும். சங்கத்தில் நல்ல இணைப்பு இருந்தது. அவர் என்னுடைய மேசைக்கு முன்னால் வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதிரையை இழுத்து இருந்தார்.

"மிஸ்டர் தேவராசா. நான் உம்மட்டை ஒண்டும் கேட்டதில்லை. என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை தாலி ஏறுறதை நான் என்ரை கண்ணாலை காணோணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"காட்டுறன் ஐயா," என்றேன்.

முதல் நாள் பரீட்சித்துப் பார்த்தோம். சித்தப்பா மகன் வெறும் மண்டபத்தில் கமராவுக்கு முன்னால் நின்று வணக்கம் சொன்னான். நரியில் படம் கண்ணாடிபோல வந்தது, சத்தம் இல்லை. ஒதுக்கி வைத்திருந்த நீலத்தை வெளியே எடுத்தேன். அதில் சத்தம் கணீரென்று வந்தது, படம் கரிக்கட்டை. லினக்ஸுக்கு வேண்டிய துணைப் பொருட்களையெல்லாம் இறக்கிப் போட்டேன். பிறகு நரியில் சத்தமும் இல்லை படமும் இல்லை. போட்டதையெல்லாம் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். சித்தப்பா மகனுக்குத் தொலைபேசி எடுத்து, எப்படியப்பா இந்தப் பக்கத்தைக் கட்டினாய் என்று கேட்டேன்.

"நீங்கள் ஏன் அங்கிள் லினக்ஸ் பாவிக்கிறியள்? விண்டோஸ் ஒண்டைப் போடுங்கோவன்," என்றான்.

பெரியவர்கள் வாசிக்கும் மலர் என்பதால் நான் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதவில்லை.

முடிவில் இரண்டையும் ஒன்றாகத் திறந்தேன். நரியில் படம், நீலத்தில் சத்தம். வேலை செய்தது. ஒரேயொரு குறை: சத்தம் முந்திக்கொண்டு வந்தது, படம் ஆறுதலாகப் பின்னால் வந்தது. நீலத்தில் அவன் வணக்கம் சொல்லி முடித்து, நான் ஒரு மிடறு தேநீரும் குடித்த பிறகுதான் நரியில் கை கூப்பினான். சத்தத்தைப் பிடித்து நிறுத்தினால் அது கோபித்துக்கொண்டு முழுதாகவே நின்றுவிடும். இரண்டையும் இழுத்துக் கட்டி ஓட்டப் பார்த்துத் தோற்றேன். அப்படியே விட்டுவிட்டேன்.

கலியாண நாள் பின்நேரம் கணினி அறைக்கு வாழை கட்டாததுதான் குறை. ஐயா பட்டு வேட்டி, சால்வை. ரீச்சர் சரிகைச் சேலையில், பித்தளைத் தட்டில் வாழ்த்தித் தூவுவதற்கு அறுகரிசியோடு. நிறைகுடம் அச்சு இயந்திரத்தின் மேலே. கடன் பிரிவு, கிட்டங்கி, கடைக்காரப் பெண்கள் எல்லோரும் சுவரோடு சுவராக நின்றார்கள். தாலி கட்டும்போது தேங்காய் உடைக்க வேண்டும். அதற்கு இராசரத்தினம் அண்ணையை வாசற்படியில் கத்தியோடு இருத்தியிருந்தோம். ஐயா தன் கையாலேயே தேங்காயை அவரிடம் கொடுத்தார். நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். அதை அறையில் எல்லோரும் கவனித்தோம்.

இருந்தாற்போல ரீச்சர் கேட்டார்: "எதை வைச்சு உடைக்கிறது? சத்தத்தை வைச்சோ, படத்தை வைச்சோ?"

ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

"படத்தை வைச்சு," என்றார் ஐயா. "கண்ணாலை கண்டாப் பிறகுதான் தாலி ஏறினதெண்டு சொல்லலாம்."

"இஞ்சாருங்கோ, கெட்டிமேளம் கேட்டால் அங்கை தாலி ஏறியிட்டுது. அதுக்குப் பிறகு படத்தைப் பாத்து நாங்கள் தேங்காய் உடைக்கிறது, பஸ் போனாப் பிறகு கை காட்டுற மாதிரி."

"காதாலை கேட்டது சாட்சி இல்லை."

"முகூர்த்தம் உங்கடை நரிக்காகப் பாத்துக்கொண்டு நிக்காது."

கடன் பிரிவு இரண்டாகப் பிரிந்தது. நீலக் கட்சி, நரிக் கட்சி. எந்த உலாவி நல்லது என்று இணையத்தில் இரவு பகலாகச் சண்டை பிடிப்பவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவு நியாயமான காரணத்துக்காக ஒருவரும் பிடித்ததில்லை. ஈற்றில் நான் ஒரு சமரசம் சொன்னேன். சத்தத்துக்குத் தேங்காயும் அறுகரிசியும். படம் ஐயாவுக்கு. அவர் மற்றதொன்றையும் கவனிக்காமல் திரையை மட்டும் பார்க்கட்டும். இருவரும் சரி என்றார்கள்.

மணவறை தெரிந்தது. துளசி கூறைச் சேலை மாற்றப் போயிருந்தாள். ஐயா கதிரையை முன்னுக்கு இழுத்தார். தோழி கைபிடித்துக் கூட்டிவர, கூறையில் துளசி வந்து இருந்தாள். ரீச்சர் அப்போதே அழத் தொடங்கிவிட்டார். நீலத்தில் ஐயர் அவசரப்பட்டார்; நரியில் அவர் இன்னும் ஆறுதலாகப் பூத் தூவிக்கொண்டிருந்தார்.

நீலத்தில் கெட்டிமேளம் வெடித்தது.

"போடுங்கோ!" என்றார் ரீச்சர். அறுகரிசி திரையில் விழுந்தது, விசைப்பலகையில் விழுந்தது, என் தலையில் விழுந்தது. வாசற்படியில் இராசரத்தினம் அண்ணை ஒரே போடாகப் போட்டார்.

ஒலிபெருக்கிக்கும் இணையப் பெட்டிக்கும் அடுத்த அறையிலிருந்து நீட்டு வயர் இழுத்து, செருகிகளை வாசல் ஓரமாக வைத்திருந்தோம். தேங்காயின் தண்ணீர் முழுவதும் அதற்குள்ளேதான் போனது. டப் என்று ஒரு சத்தம். விளக்கு, விசிறி, மேளம் எல்லாம் நின்றன.

"சரி பாதியா உடைஞ்சிருக்கு ஐயா!" என்று இராசரத்தினம் அண்ணை இரண்டு பாதியையும் உயர்த்திக் காட்டினார். நல்ல சகுனம்தான்.

கணினி மட்டும் மின்கலத்தில் உயிரோடு கீச்சிட்டுக்கொண்டிருந்தது. நரி தான் சேர்த்து வைத்திருந்த கொஞ்சப் படத்தைத் தொடர்ந்து காட்டியது. மாப்பிள்ளை எழும்பினார். தாலிக்கொடியை இரண்டு கையாலும் எடுத்தார். குனிந்தார். அவருடைய கை துளசியின் முகத்தை மறைத்தது. அந்த இடத்தில் படம் நின்று, நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

ஐயா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுந்தடித்து ஓடி, வயரைக் கழற்றி, மின்பெட்டியைத் தட்டி, இணையத்தை எழுப்பிப் படத்தைத் திரும்ப எடுத்தபோது, துளசியும் மாப்பிள்ளையும் கைகோத்து அக்கினியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். தாலி கழுத்தில் கிடந்தது. ஏறினதை அவர் காணவில்லை.

எனக்கு அழுகை வந்தது, வெட்கம் வந்தது, அந்தச் சித்தப்பா மகன்மேல் கொலைவெறி வந்தது. இராசரத்தினம் அண்ணை தேங்காய்ப் பாதிகளை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தார். ஐயாவின் குரலுக்காகக் காத்திருந்தோம். அது இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ரீச்சரின் கைப்பையில் தொலைபேசி அடித்தது. துளசி. மணவறையை விட்டு இறங்கினதும் யாருடையதோ கைபேசியை வாங்கி எடுத்திருக்கிறாள். ரீச்சர் அதை ஐயாவிடம் நீட்டினார். அந்தப் பிள்ளையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்பா, தாலி கட்டேக்கை பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. வடிவாப் பாத்தன்."

"எல்லாரும் என்னைக் குனியச் சொன்னவை அப்பா. நான் குனியேல்லை. உங்களுக்கு என்ரை முகம் தெரியோணுமெண்டு கமராவைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். தெரிஞ்சதோ?"

ஐயா திரையின் பக்கம் திரும்பவில்லை. எங்களையும் பார்க்கவில்லை.

"தெரிஞ்சது பிள்ளை," என்றார். "நீ என்னைப் பாத்துச் சிரிச்சதும் தெரிஞ்சது."

அந்தப் பக்கத்தில் துளசி விம்மி விம்மிச் சிரித்தாள். "நான் சிரிச்சது இஞ்சை ஒருதருக்கும் தெரியேல்லை அப்பா," என்றாள்.